ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு முகவரி

நீண்ட வலைப்பக்கம் ஒன்றின் நடுவே குறிப்பிட்ட ஓர் இடத்துக்கு நேராகப் போய் நிற்க ஹெச்டிஎம்எல் தரும் வழி மிக எளியது. போய்ச் சேர வேண்டிய இடத்தில் ஓர் ஐடி. யூஆர்எல்லின் கடைசியில் ஹேஷ் குறி, அதையடுத்து அதே ஐடி. கையால் பக்கம் எழுதுகிறவர் ஒரு நிமிடத்தில் இதைச் செய்துவிடுவார். ஜாவாவில் வலைப் பயன்பாடு எழுதுவதைத் தொழிலாகக் கொண்டவர்களுக்கு அது அவ்வளவு எளிதாக அமையவில்லை. எங்கள் பக்கத்தை ஃபிரேம்வொர்க் எழுதுகிறது. ஐடிகளையும் அதுவே வைக்கிறது, தன் சொந்த வேலைக்காக. அந்த ஐடியைத் தூக்கிப் படிக்கிறவர் கையில் முகவரியாகக் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதை ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் விதிக் கையேட்டில்தான் முழுதாகப் பார்த்தேன்.

அதற்கு முன்னால் இருந்த காலத்தைச் சொல்லிவிட வேண்டும். ஜேஎஸ்பி நாட்களில் சர்வ்லெட் தரவை எடுத்துக் கொடுக்கும். பக்கத்தில் ஒரு லூப் ஓடும். ஒவ்வொரு பதிவுக்கும் அதன் தரவுத்தள எண்ணை வைத்தே ஆங்கர் எழுதுவோம். ஹெச்டிஎம்எல் முழுவதும் எங்கள் கையெழுத்து, ஆகவே அதிலிருந்த பெயர்களும் எங்களுடையவை. ஸ்ட்ரட்ஸ் வந்தபோதும் இது பெரிதாக மாறவில்லை.

2004 மார்ச்சில் ஜேஎஸ்எஃப் 1.0 வந்தது. ஸ்ட்ரட்ஸை உருவாக்கிய கிரெய்க் மெக்லனஹன் இதன் விவரக்குறிப்புக்குத் தலைமை ஏற்றவர்களிலும் ஒருவர். பக்கத்தைச் சர்வரின் நினைவில் ஒரு காம்பொனென்ட் மரமாக வைத்துக்கொள்வது அதன் அடிப்படை. ஃபார்ம் ஒரு காம்பொனென்ட், அதற்குள் டேபிள் ஒன்று, டேபிளுக்குள் லிங்க் ஒன்று. நாம் லிங்க்குக்கு வைக்கும் ஐடி அந்த மரத்துக்குள் மட்டும் செல்லும். பிரவுசருக்குப் போகும்போது, மேலே இருக்கும் பெயர்க் கொள்கலன்களின் ஐடிகள் எல்லாம் முன்னால் வந்து கோலன் குறியோடு ஒட்டிக்கொள்ளும். இதற்கு கிளையன்ட் ஐடி என்று பெயர். 'ஃபார்ம்:டேபிள்:12:லிங்க்' என்பது போன்ற நீண்ட தொடர் அது.

நடுவில் நிற்கும் அந்த 12-ஐக் கவனிக்க வேண்டும். டேபிளில் இருநூறு வரிகள் இருந்தாலும் மரத்தில் லிங்க் காம்பொனென்ட் ஒன்றே ஒன்றுதான். அலுவலகங்களில் எண் மாற்றி மாற்றிக் குத்தும் ரப்பர் ஸ்டாம்பு போல, டேபிள் தன் வரிசை எண்ணை ஒவ்வொன்றாக நகர்த்தி, அதே லிங்க்கைத் திரும்பத் திரும்ப எழுதுகிறது. எண் பூஜ்யத்தில் தொடங்குவதால் 12 என்றால் பதின்மூன்றாவது வரி. அந்த வரியில் எந்தப் பதிவு இருக்கிறது என்பது அந்த ஐடியில் எங்குமே இல்லை. இது குறை என்று நான் நினைக்கவில்லை. ஃபார்ம் திரும்ப வரும்போது எந்த வரியின் எந்தப் பெட்டியில் என்ன வந்தது என்று பிரித்தெடுக்க ஃபிரேம்வொர்க்குக்கு இந்த ஏற்பாடு போதும், அதை அது அழகாகவே செய்கிறது.

காப்பீட்டு நிறுவனத்தின் பயன்பாடு வேறொரு குழு எழுதியது, பராமரிப்புக்காக எங்களிடம் வந்தது. கிளெய்ம்களை எப்படிப் பரிசீலிக்க வேண்டும் என்ற விதிகள் பிரிவு பிரிவாகத் தரவுத்தளத்தில் இருந்தன. எல்லாம் ஒரே நீண்ட பக்கமாக விரியும். இடது புறம் பொருளடக்கம். அதில் ஒன்றைச் சொடுக்கினால் அந்தப் பிரிவுக்குப் பக்கம் நகரும். பொருளடக்க லிங்க்குகளை எழுதியவர்கள் ஜாவா வகுப்பு ஒன்றில் 'மெயின்:பட்டியல்:' என்று தொடங்கி, வரிசை எண்ணைச் சேர்த்து, ':தலைப்பு' என்று முடித்துக் கிளையன்ட் ஐடியைக் கையால் ஒட்டியிருந்தார்கள். பக்கத்துக்குள் பார்த்தால் எந்தப் பிழையும் தெரியாது. பொருளடக்கமும் பிரிவுகளும் ஒரே நேரத்தில், ஒரே பட்டியலிலிருந்து பிறப்பவை. 12 இங்கே எதுவோ அங்கேயும் அதுதான்.

ஆனால் மனிதர்கள் யூஆர்எல்லை நகலெடுப்பார்கள். கிளெய்ம் அதிகாரிகள் ஒருவருக்கொருவர் அனுப்பும் மின்னஞ்சல்களில் 'இந்தப் பிரிவைப் பார்க்கவும்' என்று எழுதி, முகவரிப் பட்டையில் இருந்ததை அப்படியே ஒட்டியிருந்தார்கள். கிளை அலுவலகங்களுக்குப் போன சுற்றறிக்கைகளிலும் அவை ஏறியிருந்தன. பிறகு கையேட்டின் நடுவே புதிய பிரிவு ஒன்று சேர்ந்தது. அதற்குக் கீழே இருந்த எல்லாமே ஓர் இடம் நகர்ந்தன.

அந்த அலுவலகத்தின் மூத்த அதிகாரி ஒருவர் தொலைபேசியில் இதைச் சொன்ன விதம் எனக்கு இன்னும் அப்படியே நினைவிருக்கிறது. "லிங்க் நல்லாத்தான் வேலை செய்யுது தம்பி. ஆனா பக்கத்துப் பிரிவுல போய் நிக்குது. எனக்கு எல்லாப் பிரிவும் மனப்பாடம், உடனே தெரிஞ்சுபோச்சு. புதுசா சேர்ந்த பிள்ளைங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தப்பான பிரிவைப் பார்த்து யாராவது முடிவு எடுத்துட்டாங்களா சார்?" என்று கேட்டேன்.

"ஒரு கிளெய்மைத் திருப்பியே அனுப்பிட்டாங்க. அதைச் சரி பண்ணத்தான் உட்கார்ந்திருக்கோம்."

உடைந்த இணைப்பு தன் உடைவைச் சொல்லிவிடும். பக்கம் இல்லை என்று வரும், படிக்கிறவர் வேறு வழி தேடுவார். இடம் பெயர்ந்த இணைப்பு எதையும் சொல்வதில்லை. அதே வடிவம், அதே எழுத்துரு, அதே மாதிரியான சட்ட மொழி, ஆனால் வேறு விதி. திருப்பி அனுப்பப்பட்ட அந்த கிளெய்முக்குப் பின்னால் பணத்தை எதிர்பார்த்து ஒரு குடும்பம் காத்திருந்தது என்ற நினைப்பு அந்த வேலை முழுவதும் என்னோடு இருந்தது.

சரிசெய்யும் வழி எளிதாகத் தோன்றும்: வரிசை எண்ணை விட்டுவிட்டு, பிரிவின் சொந்தச் சாவியைக் காம்பொனென்டுக்கு ஐடியாக வைத்தால் போதாதா? ஜேஎஸ்எஃப் அதை ஏற்காது. ஐடி, மரம் கட்டப்படும் நேரத்திலேயே முடிவாகிவிடுகிறது. டேபிள் வரி வரியாக ஓடுவது அதற்குப் பிறகு, பக்கம் எழுதப்படும்போது. கட்டும் நேரத்தில் 'இந்த வரி' என்ற ஒன்றே கிடையாது. மாறியிலிருந்து ஐடி கேட்டால் காலியாகத்தான் கிடைக்கும். காலி ஐடிக்கு அனுமதி இல்லை என்று பக்கம் விழுந்துவிடும். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் முட்டிக்கொள்ளும் சுவர் இது. கட்டும் நேரம், எழுதும் நேரம் என்ற இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் ஜேஎஸ்எஃப்பின் பாதிப் புதிர்கள் அவிழ்ந்துவிடும் என்று நான் கற்றுக்கொடுக்கும் இடங்களில் எல்லாம் சொல்லி வருகிறேன்.

சுற்றுவழிகள் இருந்தன. டேபிளுக்குப் பதில் ஜேஎஸ்டிஎல்லின் 'ஃபார்ஈச்' போட்டால் அது மரம் கட்டும்போதே ஓடும், பிரிவுக்கு ஒரு காம்பொனென்ட் நிஜமாகவே பிறக்கும், ஐடியும் வைக்கலாம். பிரிவுகள் ஏற ஏற மரம் பெருக்கும், அதன் நிலையைச் சேமித்து மீட்பதும் கனக்கும். அப்பாச்சி மைஃபேசஸின் டோமஹாக் தொகுப்பில் 'ஃபோர்ஸ்ஐடி' என்று ஒரு பண்பு இருந்தது. முன்னொட்டு எதுவும் சேர்க்காமல் நான் சொன்ன ஐடியையே எழுது என்று அதனிடம் சொல்லலாம். ஜேஎஸ்எஃப் 1.2-இல் ஃபார்மின் பெயரை முன்னால் ஒட்டாமல் இருக்க ஒரு பண்பு வந்தது. அதைப் பயன்படுத்தினால் பிறகு அஜாக்ஸ் வேலைகளில் காம்பொனென்டைத் தேடிப் பிடிப்பது குழம்பியது, நான் அதை விட்டுவிட்டேன்.

எங்களுக்குக் கைகொடுத்தது ஃபேஸ்லெட்ஸ். ஜேக்கப் ஹூகம் உருவாக்கி, பிறகு 2009-இல் ஜேஎஸ்எஃப் 2.0-க்குள் சேர்ந்த பக்க மொழி அது. அதில் சாதாரண ஹெச்டிஎம்எல் குறியைச் சாதாரணமாகவே எழுதலாம். அதற்குள் வரும் மாறிகளின் மதிப்பு, பக்கம் எழுதப்படும் நேரத்தில்தான் கணக்கிடப்படும். ஆகவே 'ரிப்பீட்' குறிக்குள் ஒரு வெறும் டிவ், அதன் ஐடியில் ஓர் எழுத்தும் பிரிவின் சாவியும். காம்பொனென்ட் மரத்துக்கு அந்த ஐடி இருப்பதே தெரியாது. ஃபிரேம்வொர்க் தன் கோலன் ஐடிகளை உள்ளே வைத்துக்கொள்ளட்டும், படிக்கிறவருக்கான முகவரி வெளியே வெறும் ஹெச்டிஎம்எல்லாக நிற்கட்டும். இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் இருக்க வேண்டும் என்பதுதான் இந்தத் தொழிலில் நான் உறுதியாகப் பிடித்துக்கொண்ட ஒரே விதி. சாவிக்கு முன்னால் ஓர் எழுத்து வைத்ததற்கும் காரணம் உண்டு: ஹெச்டிஎம்எல் 4-இல் ஐடி எழுத்தில்தான் தொடங்க வேண்டும். ஹெச்டிஎம்எல்5 அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தி, வெற்றிடம் இல்லாமல் இருந்தால் போதும் என்றது. இருந்தாலும் சிஎஸ்எஸ்ஸில் எண்ணில் தொடங்கும் ஐடியை நேரடியாக எழுத முடியாது என்பதால் அந்த எழுத்தை நான் இன்றும் விடுவதில்லை.

சாவி எது என்பதில்தான் அதிக நேரம் பேசினோம். மூத்த அதிகாரி பிரிவு எண்ணையே வைக்கச் சொன்னார். அவர்கள் பேச்சில் எல்லாமே எண்கள்தான். '4.2-படி தள்ளுபடி' என்றால் அங்கே எல்லோருக்கும் புரியும். ஆனால் திருத்தப் பதிப்பில் 4.2 என்பது 4.3 ஆகலாம், அதே எண்ணில் வேறு விதி வந்து உட்காரலாம். அப்படியானால் வரிசை எண்ணில் பட்ட அதே அடிதான் மறுபடியும். பழைய பதிப்புகளின் அச்சுப் பிரதிகளை எடுத்துவந்து எந்தப் பிரிவு எப்போது எண் மாறியது என்று அவர் முன்னால் வைத்துப் பார்த்த பிறகு, அவரே "எண்ணு வேணாம், உள்ளே இருக்கிற சாவியே இருக்கட்டும்" என்றார். எண் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் தலைப்பில் இருக்கும். முகவரியில், ஒரு பிரிவு முதன்முதலாகச் சேரும்போது கிடைத்து அதன்பின் மாறாத சாவி. நீக்கப்பட்ட பிரிவின் சாவி வேறு எதற்கும் போகாது. அந்த இடத்தில் ஒற்றை வரி நிற்கும்: இந்தப் பிரிவு நீக்கப்பட்டது, இப்போது பொருந்துவது இன்னது. டிம் பெர்னர்ஸ்-லீ 1998-இல், நல்ல முகவரிகள் மாறுவதில்லை என்ற கருத்தை வைத்து ஒரு குறிப்பு எழுதினார். ஹேஷுக்கு முன்னால் இருப்பதற்குப் பலரும் அதைப் பின்பற்றினார்கள். ஹேஷுக்குப் பின்னால் இருப்பதற்கும் அதே அக்கறை வேண்டும் என்பேன்.

ஏற்கெனவே மின்னஞ்சல்களில் பரவிப்போன பழைய இணைப்புகளை என்ன செய்வது? இங்கே ஹேஷின் இயல்பு குறுக்கே வந்தது. யூஆர்எல்லில் ஹேஷுக்குப் பின்னால் வருவதைப் பிரவுசர் சர்வருக்கு அனுப்புவதே இல்லை. சர்வர் பதிவேட்டில் தேடினால் ஒரு தடயமும் கிடைக்காது, சர்வரிலிருந்து வழி மாற்றிவிடவும் இயலாது. பக்கத்துக்குள் இருக்கும் ஜாவாஸ்கிரிப்டால் மட்டுமே அதைப் பார்க்க முடியும். கோலன் அந்தப் பகுதியில் அனுமதிக்கப்பட்ட குறி என்று 2005-இன் ஆர்எஃப்சி 3986 சொல்கிறது, ஆகவே பழைய ஐடிகள் சேதமில்லாமல் வந்து சேர்ந்தன. பழைய எண்ணைப் புதிய சாவிக்கு மாற்றும் அட்டவணை ஒன்று போடலாம் என்று குழுவில் யோசனை வந்தது. நான் மறுத்தேன். 12 என்பது எந்தப் பிரிவு என்பது, அந்த மின்னஞ்சல் எந்த நாளில் எழுதப்பட்டது என்பதைப் பொறுத்தது, அது இணைப்பில் இல்லை. ஊகித்து ஓர் இடத்தில் கொண்டுபோய் நிறுத்துவதைவிட, நிறுத்தாமல் சொல்லிவிடுவது மேல். பழைய வடிவத்தில் ஹேஷ் வந்தால் பக்கத்தின் மேலே ஓர் அறிவிப்பு மட்டும் தெரியும்படி செய்தோம்: இது பழைய இணைப்பு, பிரிவின் தலைப்பைக் கொண்டு தேடவும்.

இதே வரிசை எண் வேறொரு வேடத்திலும் வந்தது, அது இன்னும் ஆபத்தானது. ஜேஎஸ்எஃப்பின் 'கமாண்ட்லிங்க்' பார்வைக்கு இணைப்பு, உள்ளே ஃபார்மைச் சமர்ப்பிக்கும் ஜாவாஸ்கிரிப்ட். அதைச் சொடுக்கினால் சர்வருக்குப் போவது கிளையன்ட் ஐடி, அதாவது மறுபடியும் 12. கிளெய்ம் பட்டியலை ஒருவர் திறந்து வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போகிறார். அதற்குள் புதிய கிளெய்ம் ஒன்று பட்டியலின் மேலே வந்துவிடுகிறது. அவர் திரும்பி வந்து சொடுக்கும்போது, ஒவ்வொரு கோரிக்கைக்கும் பட்டியலைப் புதிதாக எடுக்கும் பயன்பாடு என்றால், புதிய பட்டியலில் 12 என்ற வரிசை எண்ணில் இருப்பது திறக்கும். திரையில் பார்த்த பெயர் ஒன்று, திறந்த கோப்பு இன்னொன்று. திறப்பதற்குப் பதில் அது நீக்கும் இணைப்பாக இருந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. பட்டியலைப் பார்வைக் காலம் முழுதும் நினைவில் வைத்துக்கொள்ளும் வசதி ஜேஎஸ்எஃப் 2.0-இல் வந்தது. அதோடு 'ஹெச்:லிங்க்' என்ற குறியும் வந்தது: சாவியைத் தன் யூஆர்எல்லிலேயே சுமந்து போகும் உண்மையான கெட் இணைப்பு, ஆங்கருக்கென்று தனிப் பண்பும் உண்டு. ஒன்றைத் திறந்து பார்ப்பதற்கு கமாண்ட்லிங்க்கைப் பயன்படுத்துவதை அன்றோடு எங்கள் குழுவில் நிறுத்தினோம். முகவரிப் பட்டை எப்போதும் ஒரு பக்கம் பின்தங்கியே இருக்கும் அந்தப் பழைய தொந்தரவும் அதோடு போனது.

பிரிவைத் திருத்திச் சேமித்த பிறகு அதே பிரிவில் வந்து நிற்பது வேறு கதை. சேமிப்பது போஸ்ட், முடிந்ததும் சர்வர் புதிய முகவரிக்குப் போகச் சொல்லி ரீடைரக்ட் அனுப்ப வேண்டும், அந்த முகவரியின் வாலில் ஹேஷ் இருக்க வேண்டும். 1999-இன் ஹெச்டிடிபி விதிகளில் இதற்கு இடமில்லை. பிரவுசர்கள் முன்பிருந்தே ஏற்றுக்கொண்டன, 2014-இல் வந்த ஆர்எஃப்சி 7231 அதை முறைப்படி எழுதிவைத்தது. வழிசெலுத்தல் விதிகளை நம்பாமல் யூஆர்எல்லை முழுதாகக் கட்டி நேரடியாக ரீடைரக்ட் செய்தோம்.

சிஎஸ்எஸ்ஸில் கோலன் ஏற்படுத்தும் தொல்லையை நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. அங்கே கோலனுக்கு வேறு பொருள் இருப்பதால் அதன் முன் பின்சாய்வு போட வேண்டும், ஜேக்வரியில் இரண்டு. கோலனையே வேறு குறியாக மாற்றிக்கொள்ளும் அமைப்பு ஜேஎஸ்எஃப் 2.0-இல் கிடைத்தது. ஹைஃபனோ அடிக்கோடோ வைத்தால் அவை காம்பொனென்ட் ஐடிக்குள்ளேயே வரக்கூடியவை, பிறகு எது பிரிப்பான், எது பெயர் என்றே தெரியாது. அதைத் தொடாமல் விடுவதே நல்லது. நாம் ஐடி வைக்காத காம்பொனென்டுகளுக்கு ஃபிரேம்வொர்க் 'ஜே_ஐடி' என்று தொடங்கி எண் போட்டுத் தானே பெயர் வைக்கும். பக்கத்தின் மேலே ஒரு சிறு பெட்டியைச் சேர்த்தாலும் கீழே எல்லா எண்களும் மாறும். அந்த எண்களை நம்பி எழுதப்பட்ட தானியங்கிச் சோதனைகள் ஒவ்வொரு வெளியீட்டிலும் மொத்தமாக விழுந்துகொண்டிருந்ததைப் பார்த்து, எங்கள் சோதனைக் குழுவின் தலைவி சோதனைகளுக்கென்றே தனிக் குறிப்புப் பண்பு ஒன்றைக் கேட்டு வாங்கினார். அவர் கேட்டது மிகச் சரி.

அப்பாச்சி விக்கெட்டில் வேலை செய்தபோது இந்த விஷயத்தில் மனம் நிறைந்தது. அங்கே காம்பொனென்டின் பெயரும் ஹெச்டிஎம்எல் ஐடியும் வெவ்வேறு என்பது தொடக்கத்திலேயே தெளிவு. கேட்டால்தான் ஐடி பிரவுசருக்குப் போகும். ஒரு லிங்க்குக்கு 'உன் ஆங்கர் இந்தக் காம்பொனென்ட்' என்று ஜாவாவிலேயே சொல்லிவிடலாம், மீதியை அது கோத்துக்கொள்ளும். ஆனால் அங்கும் தானாகப் பிறக்கும் ஐடியில் ஓடும் எண் ஒன்று ஒட்டிக்கொண்டு வரும். வெளியே போகும் முகவரிக்கு நாமே ஐடி கொடுக்க வேண்டும்.

கையேட்டுக்குத் திரும்புகிறேன். பக்கம் கனத்துப்போனதும் பிரிவுகளை அஜாக்ஸில் ஏற்றத் தொடங்கினோம். பிரவுசர் ஹேஷைத் தேடும் நேரத்தில் பிரிவு வந்திருக்காது, வந்த பிறகு பிரவுசர் மறுபடி தேடாது. ஏற்றி முடிந்ததும் ஸ்கிரிப்டே அந்த இடத்துக்கு நகர்த்த வேண்டியிருந்தது. நகர்த்தினால் மட்டும் போதாது என்பதைக் காட்டியவர், திரைவாசிப்பான் வைத்துப் படிக்கும் ஓர் அதிகாரி. அவருக்குத் திரை நகர்ந்தது தெரியவே தெரியாது, குரல் பழைய இடத்திலிருந்தே படித்தது. தலைப்புக்கு ஃபோகஸ் பெறும் தகுதி கொடுத்து, ஃபோகஸையும் அங்கே வைத்த பிறகுதான் அந்த இணைப்பு அவருக்கும் இணைப்பு ஆனது. மேலே ஒட்டி நிற்கும் தலைப்பட்டை பிரிவின் முதல் வரியை மறைத்ததை சிஎஸ்எஸ்ஸின் 'ஸ்க்ரோல்-மார்ஜின்-டாப்' தீர்த்தது.

2020-இல் குரோம் 80 வெளியானபோது குழுவின் இளைஞர் ஒருவர் உற்சாகமாக வந்தார். "அண்ணா, ஹேஷுக்கு அப்புறம் வாக்கியத்தையே கொடுத்தா பிரவுசரே தேடிப் பிடிச்சு மஞ்சள்ல காட்டுது. இனிமே ஐடியே வேண்டாமே?" வசதி நல்லதுதான். ஆனால் விதிக் கையேட்டில் மாறுவதே வாக்கியம். '30 நாட்களுக்குள்' என்பது '15 நாட்களுக்குள்' ஆகும் அன்றுதான் அந்தப் பிரிவை எல்லோரும் தேடி வருவார்கள், அன்றுதான் பழைய வாக்கியம் கிடைக்காமல் போகும். இரண்டையும் சேர்க்கலாம் என்று அவரோடு உட்கார்ந்து முடிவு செய்தோம்: ஹேஷுக்குப் பின் முதலில் பிரிவின் ஐடி, அதை அடுத்து வாக்கியம். வாக்கியம் கிடைத்தால் அங்கே நிற்கும், கிடைக்காவிட்டால் பிரிவின் தலைப்பில் நிற்கும். ஆனால் இந்தத் தொடர் புரியாத பிரவுசர் அதை முழுவதும் ஒரே ஐடி என்று எடுத்துக்கொண்டு, எதுவும் கிடைக்காமல் பக்கத்தின் மேலேயே நின்றுவிடும். அதனால் 2024-இல் ஃபயர்ஃபாக்ஸ் 131 இதை ஏற்கும்வரை அந்தப் பொத்தானைப் பயனர்களுக்குத் திறக்காமல் வைத்திருந்தோம்.